ரஞ்சிதத்தின் கணினியில் லினக்ஸ்

ரஞ்சிதத்துக்குக் கணினியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. அபிப்பிராயங்கள் எல்லாம் அவள் தம்பி அசோகனிடம்தான் இருந்தன.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் அப்பா குடும்பத்தைப் பெங்களூர் தொம்மலூருக்குக் கூட்டிவந்தார். வீட்டிலேயே முதல் பட்டதாரி அசோகன். அக்கா ரஞ்சிதம் பத்தாவதோடு நின்றவள். ஆனால் தமிழ்த் தட்டச்சில் தேர்ச்சி பெற்றிருந்தாள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கணினி ஒன்றில் அவள் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சர்ச் மாத இதழ் என்று அடித்து, ஃபிளாப்பியில் போட்டு அல்சூரில் சந்திரசேகரன் நடத்திய அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டுக்குள் இருந்தபடியே செய்யக்கூடிய, தனக்கென்று ஒரு வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2003இல் அந்தக் கணினியில் வைரஸ் புகுந்தது. அசோகனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆறு மாதமாக அவன் கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, பென்குயின் படம் போட்ட லினக்ஸ் சிடிக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கூட்டங்களுக்கும் போய்வந்தான்.

“நீ வெச்சிருக்கிறது திருட்டு விண்டோஸ்தான்க்கா. இது எல்லாருக்கும் சொந்தம். வைரஸும் வராது.”

“உன் பென்குயினுக்குத் தமிழ் வருமாடா?”

“எல்லாம் வரும்.”

அவளுடைய கோப்புகளை ஒன்று விடாமல் சிடியில் எழுதி வைத்துவிட்டுத்தான் விண்டோஸை அழித்தான். அந்த விஷயத்தில் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோப்புகளை லினக்ஸில் எதைக்கொண்டு திறப்பது என்று அவன் யோசிக்கவில்லை. அவள் வேலை செய்யும்போது ஒருநாள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ரஞ்சிதம் உட்கார்ந்தாள். விரல்கள் பழகிய இடங்களில் வேறு எழுத்துகள் வந்தன.

“இன்னாடா இது? கொம்பு ஒரு பக்கம் நிக்குது, எழுத்து ஒரு பக்கம் நிக்குது.”

“ரெண்டு வாரத்துல பழகிடும்க்கா.”

செவ்வாய்க்கிழமை தட்டுத்தடுமாறி ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து எடுத்துப் போனாள். சந்திரசேகரன் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல, நம்ம ஃபாண்ட்ல இருந்தாதாம்மா எனக்கு உபயோகம். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத இதழும் வேணும்.”

அன்று சாயங்காலம் அவள் அசோகனிடம் கேட்டாள். “பழசையே போட்டுக் குடுத்துடுடா.”

அரை மணி நேர வேலை. பழைய விண்டோஸ் சிடி அலமாரியிலேயே இருந்தது. “அடுத்த வாரம் பாக்கலாம்க்கா” என்றான்.

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு கூட்டத்தில் அவன் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தான். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண் முழுக்க முழுக்க லினக்ஸிலேயே தொழில் செய்கிறாள் என்பதுதான் பேச்சு. நண்பன் நரேஷ் அதை எல்லாருக்கும் மின்னஞ்சலில் அறிவித்தும்விட்டான். அந்த ஒரு வாரத்துக்காவது அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அசோகன் நினைத்தான்.

ரஞ்சிதம் அடுத்த தெருவில் கணினியில் அடித்துக் கொடுக்கும் டிடிபி சென்டர் வைத்திருந்த பாமாவிடம் போய் ஒரு கணினியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். மூன்று நாள் அங்கேயே அடித்தாள். கடைசியில் ஃபிளாப்பி மக்கர் பண்ணியதால் மாத இதழை அங்கேயே அச்செடுத்து வாங்கிக்கொள்ளச் சந்திரசேகரன் பாமாவின் கடைக்கே வந்தார். அங்கே நான்கு கணினிகளும் லேசர் பிரிண்டரும் இருப்பதைப் பார்த்தார். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை நேராகப் பாமாவுக்கே போயிற்று, அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்த மறுநாளே அசோகன் பழையபடி விண்டோஸைப் போட்டுக் கொடுத்தான். எழுத்துகள் அந்தந்த இடத்தில் சரியாக வந்தன. அடிக்கத்தான் ஒன்றும் வரவில்லை. ரஞ்சிதம் இரண்டு தடவை அல்சூருக்குப் போய்வந்தாள். அப்புறம் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அசோகனுக்கும் வேலை கிடைத்தது. அந்த ஞாயிறு பேச்சைக் கேட்ட ஒருவர் தன் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். அங்கே அவன் லினக்ஸைப் பற்றிச் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. அவனை உறுத்தியது அதுதான். சொன்னதில் ஒன்றாவது பொய்யாகியிருந்தால் பழியை லினக்ஸ்மேல் போட்டிருக்கலாம்.

ஒரு வருடம் கழித்து, காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற அக்காவோடு அவனும் ரோட்டோரம் நின்றான். அன்றுதான் சொன்னான்.

“அந்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல உன்னைப் பத்திதான்க்கா பேசினேன்.”

“என்னைப் பத்தியா? இன்னா பேசின?”

“எங்க அக்கா எல்லா வேலையும் லினக்ஸ்லதான் பண்றாங்கன்னு.”

“அந்த வாரம் நான் பாமா கடையிலதானே உக்காந்திருந்தேன்.”

“தெரியும்க்கா.”

“அதுக்குத்தான் மாத்திக் குடுக்கலையா?”

அவன் தலையாட்டினான். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“கை தட்டினாங்களா?”

“தட்டினாங்க.”

“சரி” என்று சொல்லி ஏறி, அவன் நின்ற பக்கம் ஜன்னலோர இடம் காலியாக இருந்தும் மறுபக்கமாய்ப் போய் உட்கார்ந்தாள்.