அண்ணன் கொண்டுவந்த மண்

இருபது வருஷம் பட்டாளத்தில் பூட்ஸோடு திரிந்த என் அண்ணனின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்று எங்கள் ஊர் திருவேங்கடத்துக்குத் திரும்பி, சொந்த நிலத்தில் நடந்த மூன்றாவது வருஷம் பாதம் வீங்கியது. எங்கள் வீட்டில் யாரும் செருப்புக் காலோடு வயலில் இறங்குவதில்லை. வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். பாம்பு கிடந்தாலும் அதுதான் முறை.

அதற்கு முன் வயலில் கருவேல முள் குத்தியதை அவன் பொருட்படுத்தவில்லை. வீக்கத்தில் சின்னச் சின்னக் கண்கள் திறந்து நீர் வடிந்தபோதும் டாக்டரிடம் போகவில்லை. குற்றாலத்துக்குப் போனான். மூலிகைத் தண்ணீர் பட்டால் ஆறிவிடுமாம். சீசன் முழுக்க ஐந்தருவியில் எல்லோரும் தலையைக் காட்ட, இவன் காலைக் காட்டினான்.

நான் தென்காசியில் ஒரு லேப் டெக்னீஷியன். குளித்துவிட்டு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவனை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வடிந்த நீரில் ரவை போல மணிகள் இருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்தால், இழை இழையாகப் பாக்டீரியா. இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். அடுத்தவருக்கு நான் இரண்டாவது ஸ்லைடு போட்டதே இல்லை.

தோல் டாக்டர் விளக்கினார். மண்ணிலேயே குடியிருக்கும் பாக்டீரியா இது. முள் உள்ளே கொண்டுபோய் விட்டால் அங்கேயே தங்கிவிடும். நல்லவேளையாக எலும்புக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், வெறுங்காலோடு வயலில் இறங்கவே கூடாது. எலும்பைத் தொட்டுவிட்டால் காலை எடுக்க வேண்டிவரலாம். மதுரைக் கால் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு என்றும் சொன்னார்.

“மதுரைக்காரனுக்கு வாரது எனக்கு எப்படி வந்துது?” என்றான் அண்ணன்.

வெளியே வந்ததும் குற்றவாளியையும் அவனே கண்டுபிடித்தான். “ஏட்டி, நம்ம மண்ணு அப்படிச் செய்யாது. அருவியிலதான் ஒட்டியிருக்கும். கண்டவனும் குளிக்கான்.”

கால் வீங்கிய பிறகுதான் அருவிக்கே போனான் என்பதை நினைவுபடுத்தினேன். படித்தவள் அப்படித்தான் பேசுவாள் என்று சொல்லிவிட்டான்.

இந்தப் பாக்டீரியா எந்தெந்த மண்ணில் இருக்கிறது என்று டாக்டரின் மாணவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். முள் குத்திய இடத்திலிருந்து ஒரு டப்பா மண் கேட்டார்கள். அடுத்த வாரமே அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்தேன், செம்மண். எங்கள் நிலம் கன்னங்கரேலென்ற கரிசல்.

“எங்கன எடுத்தே?”

“வார வழியில, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல. நம்ம மண்ணைக் கொண்டுபோயி குத்தவாளிக் கூண்டுல நிப்பாட்டச் சொல்லுதியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காலை எடுத்துட்டா எந்த மண்ணை மிதிப்பே?” என்று கத்தினேன். அவன் பஸ் ஏறிவிட்டான். இரண்டு நாள் கழித்து மதினி போன் செய்தாள். கட்டுப் போட்ட காலோடு, செருப்பில்லாமல்தான் இன்னும் வயலுக்குப் போகிறானாம். அவள் வாங்கி வைத்த ரப்பர் ஷூ மோட்டார் ரூமில் கிடக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை நானே டப்பாவோடு போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் ஒரு காலை வைத்தேன். ஸ்லைடைப் பார்த்தவள் நான், விளக்கத்தைக் கேட்டவளும் நான். இருந்தும் கால் அதுபாட்டுக்குக் கழற்றிவிட்டது.

மோட்டார் ரூம் வாசலில் நின்ற அண்ணன் அலறினான். “ஏட்டி, செருப்பைப் போடு! அங்கன முள்ளு கெடக்கு!”

“நீ போடு, நானும் போடுதேன்.”

மண்ணில் இருந்த என் காலைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ரப்பர் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தான். வரப்பிலிருந்து இறங்கியதும் குனிந்தான். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் செய்வோமே, அதைப் போல மண்ணைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அப்புறம் என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, முள் குத்திய இடத்தில் அவனே மண்ணை அள்ளினான்.

மண் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதே என்று சொல்ல வேண்டியவள் நான்தான். டப்பாவின் மூடியைத்தான் நீட்டினேன்.