பதினோராவது பெயர்

சோர்ந்து நிற்கும் ஒருவனைப் பார்த்து "ஓடு" என்று கத்துவது உதவியா, கொடுமையா? புத்தகங்களில் இதற்கு விடை தேடியிருக்கிறேன். கிடைத்தவை எல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிய விடைகள். எங்கள் சந்தையின் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் நெமத்ஜானின் வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே கழிந்ததாக இப்போது தோன்றுகிறது. அவருக்கு அப்படித் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது.

சந்தை வாசலுக்கு மேலே ஒரு தகரக் கூண்டு. மர ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். உள்ளே ஒரு மைக், ஒரு தேநீர்க் கெண்டி, ஜன்னலில் தொங்கும், எங்கள் ஊர்க் கால்பந்து அணியான 'லோச்சி'னின் துண்டு. தொலைந்த குழந்தை, கிடைத்த சாவி, வண்டியில் வந்திறங்கிய முலாம்பழம், கோகந்துக்குப் புறப்படும் பஸ் எல்லாம் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் லோச்சினைப் பற்றிப் பேசுவார். இடது பக்கம் யார் மெதுவாக இருக்கிறான், எதிரணியில் யார் தலையால் முட்டுவான், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று விவரமாகச் சொல்வார். கடைசியில் பதினொரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கசாப்புக் கடைக்காரர்கள் கத்தியின் தட்டைப் பக்கத்தால் கட்டையில் ஓங்கி ஒரு அடி அடிப்பார்கள். ரொட்டி விற்கும் பெண்கள் தட்டைத் தட்டுவார்கள். பக்கத்து ஊர்வரை கேட்கும் என்பார்கள். அது மிகை. ஆனால் விளையாட்டுக்காரர்களுக்குக் கேட்டது.

அவரை நல்ல மனிதர் என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். பிறர் பேச்சில் குறுக்கிடுவார். தான் சொன்னபடி ஆட்டம் முடிந்தால் ஒரு வாரம் தலைகால் புரியாது. சிறுவயதிலிருந்தே மூச்சுத் தொந்தரவு. பந்தை உதைத்ததே இல்லை. ஓட முடியாதவர் பிறரை ஓடச் சொன்னார். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் துர்சுன்.

துர்சுன் ஒரு காலத்தில் லோச்சினின் முன்கள ஆட்டக்காரன். தொடைத்தசை கிழிந்த நிலையிலும் முக்கியமான ஓர் ஆட்டத்தில் இறங்கினான். முந்தின நாள் நெமத்ஜான் அவன் பெயரை மூன்று முறை சொன்னார். சந்தை அதிர்ந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் நேராக நடக்கவில்லை. இப்போது ஏணியடியில் சூரியகாந்தி விதை விற்கிறான். "நீ கத்தினது கேட்டுச்சுப்பா நெமத், அதான் ஓடினேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நெமத்ஜான் ஒரு கைப்பிடி விதை வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

அந்தக் கோடையில் லோச்சின் கோப்பைப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தது. ஊர் இதுவரை காணாத விஷயம். அணியில் ஆட்கள் குறைவு. லீக் ஆட்டத்துக்கும் கோப்பை ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேர். மலைக்கணவாய் வழியாகப் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். இறங்கும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். காலிறுதியைக் கூடுதல் நேரமும் ஆடி, பெனால்டியில் வென்றார்கள். மறுநாள் நெமத்ஜான் மைக்கில் உருகிப்போய்ச் சொன்னார்: "இந்தப் பசங்களுக்குச் சோறு போடாத தெரு நம்ம ஊர்ல இருக்கலாமா?"

வேறு ஊராக இருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊர் அண்டாவை ஏற்றியது. ஒரு நாள் ஒரு தெரு என்று முறை வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு மரியாதையான விருந்து என்றால் விடிகாலைத் தொழுகை முடிந்ததும் பரிமாறும் ஓஷ்தான்: ஆட்டுக்கொழுப்பும் கேரட்டும் சேர்த்து வேகவைத்த சோறு. பெரியவர்கள் தங்கள் கையால் அள்ளி விருந்தாளியின் வாயில் ஊட்டுவார்கள். அந்தக் கைக்கு முன்னால் வாயை மூடியவன் எங்கள் ஊரில் கிடையாது. கால்கள் ஓய வேண்டிய காலைகளில் அந்தப் பையன்கள் இருட்டோடு எழுந்து, தெருத்தெருவாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கொழுப்பூறும் சோற்றை விழுங்கினார்கள். அன்புக்காகத்தான் செய்தோம். அன்பு என்ற சொல்லை நான் சந்தேகிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

பயிற்சியாளர் தாஷ்புலாத் ஏணியேறி வந்தார். கூண்டுக்குக் கீழேதான் என் கடை; அந்தத் தகரத்துக்குள் பேசினால் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"அண்ணே, நீங்க பத்த வெச்ச அடுப்பு. நீங்களே அணைங்க. என் பசங்க தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"சாப்பிட்டாத் தெம்புதானே தம்பி?"

"கொழுப்பா அள்ளித் திணிச்சாத் தெம்பு வராதுண்ணே, ஏப்பம்தான் வரும். நேத்துப் பயிற்சியில கோல்கீப்பர் குனிஞ்சான், நிமிரவே இல்ல."

"அப்போ வேணாம்னு நீயே சொல்லேன்."

"ஊட்ட வர்ற கையை எவன் தள்ளுவான்? நீங்க தள்ளுவீங்களா?"

நெமத்ஜான் சிரித்துவிட்டார். "அன்பை மைக்ல எப்படிப்பா நிறுத்தறது?"

மறுநாள் கசாப்புக்காரர்கள் தெருவில் விருந்து. நெமத்ஜானுக்கு எதிரே அவருடைய மருமகன் ஹம்தம் உட்கார்ந்திருந்தான். தங்கை மகன். லோச்சினின் நடுக்கள ஆட்டக்காரன். அணியின் ஓட்டம் எல்லாம் அவன் காலில்தான். எர்காஷ் என்ற பெரிய கசாப்புக்காரர் அவன் வாயில் சோற்றைத் திணித்து, "தின்னுடா சிங்கம், தலைநகர்க்காரனுங்கள நாளன்னிக்கு எலும்போட மெல்லணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஓதும் துஆ முடிந்து எழுந்தார்கள். ஹம்தம் பக்கத்தில் இருந்தவன் தோளில் பாசமாகக் கைபோட்டு எழுந்தான். பார்த்தவர்களுக்குப் பாசம். நெமத்ஜானுக்கு அது ஊன்றுகோலாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து எழுவதில் எங்கள் ஆள் யாரும் கையைத் தேட மாட்டான், அதுவும் அந்த வயதில்.

கைகழுவும் இடத்தில் கெண்டியை வாங்கி மருமகன் கையில் தண்ணீர் ஊற்றினார். பின்னால் நான் என் முறைக்குக் காத்திருந்தேன்.

"எந்தக் கால்?"

"என்ன மாமா?"

"எந்தக் கால்னு கேட்டேன்."

ஹம்தம் கொஞ்ச நேரம் கையையே தேய்த்துக்கொண்டிருந்தான். "வலது. தொடைக்குப் பின்னாடி. பெனால்டிக்கு முன்னாடியே இழுத்துக்கிச்சு."

"தாஷ்புலாத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பெஞ்சுல உக்கார வெச்சிருவாரு. சொல்லிடாதீங்க மாமா. இறுக்கிக் கட்டிக்கிட்டா ஓடிருவேன்."

"துர்சுனும் கட்டிக்கிட்டுத்தான் ஓடினான்."

"அவரு காலம் வேற மாமா."

"தொடை ஒண்ணுதான்டா."

ஹம்தம் குரலைத் தாழ்த்தினான். "இந்த ஊரு அரையிறுதி பாத்ததில்ல. நீங்களும் பாத்ததில்ல. நாளைக்கு என் பேரச் சொல்லுங்க, போதும். கத்தி விழுற சத்தம் காதுல கேட்டா வலியே தெரியாது எனக்கு."

"அதான்டா பயம்" என்றார் நெமத்ஜான். துண்டை அவன் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் தாஷ்புலாத் மறுபடியும் கூண்டுக்கு வந்தார். எந்தப் பதினொரு பேர் என்று சொல்லத்தான். அவரே கேட்டார்: "உங்க மருமகன் எப்படிண்ணே, நல்லாத் தூங்கறானா?"

"உன் ஆளு. நீதான் பாக்கணும்" என்றார் நெமத்ஜான்.

தாஷ்புலாத் இறங்கிப் போய், சந்தை வாசலிலேயே தேநீருக்கு உட்கார்ந்தார்.

அடுத்து நடந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றை ஊரே அறியும். அன்று மாலை தாஷ்புலாத் ஹம்தமைத் தரையில் உட்காரச் சொல்லி, கையூன்றாமல் எழச் சொன்னார். அவனால் முடியவில்லை. அரையிறுதியை அவன் பெஞ்சிலிருந்து பார்த்தான். லோச்சின் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அவன் இருந்திருந்தாலும் தோற்றிருப்போம் என்பது என் கருத்து. ஊரின் கருத்து வேறு. அவன் கால் இலையுதிர் காலத்துக்குள் குணமாகிவிட்டது. ஆனால் பெருநாளுக்கு மாமன் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கை வந்து அழுதாள்: "பயிற்சியாளர் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தாப் போதாதா அண்ணே? ஊரறிய என் புள்ளையத் தலைகுனிய வைக்கணுமா?" அவர் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. தாஷ்புலாத் அன்று காலையில் அவருக்கு எதிரே நின்றுதானே கேட்டார்? மருமகனின் ரகசியத்தைச் சொல்லில் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா? துர்சுனுக்குச் செலுத்த வேண்டியதைத் துர்சுன் காதில் விழும்படி செலுத்தினாரா? அல்லது மேடை இல்லாமல் ஒரு நல்லதைக்கூடச் செய்யத் தெரியாதவரா? மூன்றையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்தேன். மூன்றும் அந்த மனிதருக்குப் பொருந்துகின்றன. அதுதான் தொல்லை.

இனி அந்த நண்பகல், ஆட்டத்துக்கு முந்தின நாள். சந்தையில் வெயில் தகித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"நாளைக்கு அரையிறுதி" என்றார் நெமத்ஜான். "நம்ம பசங்க களைச்சிருக்காங்க. எதிரணி பத்து நாளா ஓய்வுல இருக்கு. முதல் அரைமணி நேரம் நாம பந்தைத் தேடி ஓடக் கூடாது. பின்னாடியே நிக்கணும். பந்து கோல்கீப்பருக்குத் திரும்பிப் போனா யாரும் ஊளையிடாதீங்க. இடது பக்கம் கால் கனமா இருக்கு, அங்கதான் அடி விழும். பையன் யாராவது நின்னுட்டா, நிக்கட்டும். 'ஓடு'ன்னு கத்தாதீங்க. நாளைக்கு எந்தத் தெருவுலயும் அடுப்பு எரிய வேணாம். அவங்க தூங்கட்டும்."

சந்தை முணுமுணுத்தது. எர்காஷ் வாயைக் குவித்துக் கத்தினார்: "யோவ் நெமத், எந்த ஊருக்காரன்யா நீ? ஒப்பாரிய நிறுத்திட்டுப் பேரச் சொல்லு!"

ரொட்டிக்காரி அய்னிசாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமாண்ணே, சாகறதுக்கு முன்னாடியே கஃபன் துணி அளக்காதீங்க!"

சிரிப்பு எழுந்தது. நெமத்ஜான் பெயர்களைத் தொடங்கினார். கோல்கீப்பரின் பெயர். கத்திகள் விழுந்தன. பின்கள வீரர்கள் நால்வர். ஒவ்வொன்றுக்கும் கட்டைகள் அதிர்ந்தன, தட்டுகள் ஒலித்தன. சந்தைக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. ஹம்தம் அணியில் சேர்ந்த நாள் முதல் அவன் பெயரை அவர் கடைசியில்தான் சொல்வார், சொந்தக்காரனை முன்னால் வைத்ததாக யாரும் பேசக் கூடாது என்று. அதனால் பத்தாவது பெயர் முடிந்ததுமே எர்காஷ் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். ஹம்தம் ரொட்டிக் கடை நிழலில் நின்றிருந்தான். அவன் முகம் ஒலிபெருக்கியைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் கேட்டது. மூச்சுத் தொந்தரவு உள்ளவரின் மூச்சு. எங்கள் எல்லாருக்கும் பழகியது. தூக்கிய கத்திகள் தூக்கியபடியே நின்றன. ஏணியடியில் துர்சுன் விதை அளப்பதை நிறுத்தினான். தேநீர்க் கிண்ணத்தோடு தாஷ்புலாத் மெல்லத் திரும்பி ஹம்தமைப் பார்த்தார்.

"கோகந்துக்குப் போற பஸ் கெளம்புது" என்றார் நெமத்ஜான். "இன்னும் ரெண்டு சீட்டு இருக்கு."

மைக்கை அணைத்தார்.