கிழக்கு வாசலும் தெற்கு வெயிலும்

மாதையன் எட்டாவதோடு நின்றவன். ஆனால் அவன் வைத்த சுவரில் ரசமட்டம் தப்பாது. புங்கமலைக்கு வண்டிப் பாதையும் மின்கம்பமும் கிடையாது. சிமெண்டைக் கழுதைகளில் ஏற்றி, சோலார் தகடுகளை ஆட்களைக் கொண்டு சுமக்கவைத்து, தங்கை சசிகலாவின் கல்வி மையத்தை ஒன்றரை வருடத்தில் கட்டியிருந்தான்.

விளக்கு இரவு ஒன்பது வரை எரிய வேண்டும். மார்கழியில் ஏழரைக்கே அணைந்தது. பொங்கல் கழித்துப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நான்கு குடும்பங்கள், பிள்ளைகளை மையத்திலேயே தங்கவைத்துப் படிக்கவைக்க இருந்தன.

"இருட்டுல வுட்டுட்டு எப்பிடிம்மா போறது? கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடறோம்" என்றார் அவர்களில் ஒருவரான காளியப்பன்.

சசிகலா இரண்டு நாள் கூரையையே பார்த்தாள். மலை வழக்கப்படி வாசல் கிழக்கு. தகடுகளும் கிழக்குச் சரிவில். பத்து மணி வரை பனிமூட்டம். அது விலகி வெயில் ஏறும்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்.

"வாசலக் கெழக்க வைக்காம எமன் தெசைக்கா வைப்பாங்க?" என்றான் மாதையன். அவள் சொன்னதைக் கேட்டு அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"வாசல் அப்பிடியே இருக்கட்டும்ணா. தகட்டத்தான் எமனுக்குக் காட்டணும்."

தெற்கே திறந்த இடம், தானியம் அடித்துக் காயவைக்கும் ஊர்க்களப் பாறை ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள்.

"களத்துல இரும்பு அடிச்சா சாமி சும்மா வுடுமா?" என்று சத்தம் போட்டார் காளியப்பன்.

"ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோங்க. பொங்கலுக்குள்ள ஒம்பது மணி வரைக்கும் எரியலன்னா நானே எறக்கிடறேன்" என்றாள் சசிகலா.

கூடியிருந்த ஊராரில் பெரியம்மாள் முன்னால் வந்து, "என் பங்கு மூலைய எடுத்துக்க. நாலு மொறம் ராகி காயற எடந்தான். ஆனா மழைன்னா உன் மையத்துல கொட்டிக்குவேன்" என்றாள்.

கலவை இல்லாமல், கல்மேல் கல் அடுக்கி மாதையன் ஆறு தூண்கள் எழுப்பினான். உச்சிவெயிலில் பாறை காலைச் சுட்டது. தகடுகளின் சட்டத்தை அவற்றின்மேல் தூக்கி நிறுத்தி, மூன்று முறை இறக்கி, சாய்வைத் திருத்தினான். போதும் என்றார்கள். அவன் விடவில்லை.

போகிக்கு முந்தைய மூன்று நாளும் விளக்கு ஒன்பதைத் தாண்டி எரிந்தது. காளியப்பன் கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்து பார்த்தார்.

பொங்கல் முடிந்து மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை விட்டுப்போயின. காளியப்பன் மகளின் பெட்டியைத் தானே சுமந்து வந்தார். நான்காவது குடும்பம் மனம் மாறாமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே கிளம்பியது. சசிகலா அடிவாரம் வரை கூடவே நடந்தாள். பெங்களூரில் அவர்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் திரும்பினாள்.