துணிக்கு இந்தப் பக்கம்

பயாஸ்கோப்பில் நடிப்பு எப்படி என்று என்னைக் கேட்டால், நான் பார்த்ததிலேயே நன்றாக நடித்தது ஒரு கோழிதான் என்று சொல்வேன். ஒரு திருடன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். பின்னால் ஊரே ஓடும். போலீஸ்காரன் ஓடுவான், பாதிரியார் ஓடுவார், தொப்பி வைத்த சீமாட்டி ஒருத்தி பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். கடைசியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகக் குளத்தில் விழுவார்கள். அத்தனை பேரில் உண்மையாகப் பயந்த முகம் அந்தக் கோழிக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் படம் பிடிக்கிறவன் தங்களைப் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விழுந்தார்கள்.

தங்கவயலுக்கு மின்சார விளக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய மைதானத்தில் ஒரு கம்பெனிக்காரன் கூடாரம் அடித்து, நடுவில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினான். துணிக்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். பெண்களின் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றான். மெஷினும் பெஞ்சும் ஆண்கள் பக்கம் இருந்தன; எங்களுக்குத் தரை. படம் துணியைத் தாண்டி எங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒருவன் துணி மேல் வாளித் தண்ணீரை அடிப்பான். அதில் பாதி எங்கள் தலையில் விழும். எங்கள் மானம் தினமும் தொப்பலாக நனைந்துதான் வீடு திரும்பியது.

படத்தில் யாரும் பேசமாட்டார்கள் அல்லவா, அதனால் கதை சொல்ல ஒருவனை வைத்திருந்தார்கள். அவன் ஆண்கள் பக்கம் நின்று கத்துவான். எங்களுக்குக் குரல் மட்டும் வரும். தொப்பி வைத்தவள் எல்லாம் அவனுக்கு மகாராணி. அதே பெண் மறுநாள் கலெக்டர் மகளாவாள். மீசைக்காரன் ஒருவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தபோது, அவன் காதலைச் சொல்கிறான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எதையோ தவறவிட்டுத் தேடுகிறான் என்று நினைத்து, பாவம், எங்களில் பாதிப் பேர் அவனுக்காகத் தரையைப் பார்த்தோம்.

என் வீட்டுக்காரருக்குக் கூத்துதான் நடிப்பு. கிரீடம் இல்லாதவன், பலகை அதிர ஆடாதவன் எல்லாம் அவர் கணக்கில் நடிகனே இல்லை. மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவதற்கு ஒரு கூடாரமா என்று திட்டுவார்; திட்டிக்கொண்டே மறுநாளும் முதல் ஆளாகப் போய் பெஞ்சில் உட்காருவார். பாலகாட் சுரங்கத்தில் அவருக்குப் பகல் ஷிப்ட்.

இன்னொரு படத்தில் ஒரு கிழப் பிரபு செத்துப்போவார். நெஞ்சில் கை வைப்பார், விழுவார், எழுந்து மகனுக்குப் புத்தி சொல்வார், மறுபடி விழுவார், மகளுக்குப் புத்தி சொல்ல மறுபடி எழுவார். ஆண்கள் பக்கம் ஒரே கைதட்டல். எங்கள் பக்கம் யாரும் தட்டவில்லை. சுரங்கத்து லைனில் குடியிருக்கிற பெண்களுக்குச் சாவு எப்படி வரும் என்று தெரியும். நெஞ்சில் கை வைக்கக்கூட அது நேரம் கொடுப்பதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் இடது கைக்காரி. இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். புகுந்த வீட்டில் அது பெரிய குற்றம். கூட்டுவது, பெருக்குவது, தண்ணீர் தூக்குவதற்கெல்லாம் எந்தக் கையும் ஆகும். ஆனால் காலையில் ஷிப்டுக்குப் போகிறவருக்குக் களியுருண்டையைத் துணியில் கட்டிக் கொடுக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை. பீச்சாங்கையால் கட்டிய சோற்றோடு சுரங்கத்துக்குள் கேஜ் கூண்டில் இறங்குகிறவன் ஏறி வரமாட்டான் என்பது நாத்தனாரின் தீர்ப்பு. அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷனைச் சுரங்க ஷாப்டுக்குப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தார். அதனால் அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நான் வலது கையால் கட்டினால் முடிச்சு அவிழ்ந்து துவையலெல்லாம் சட்டையில் கொட்டும். ஆகவே என் புருஷனுக்கு நான் ஆக்கிய சோற்றைத் தினமும் நாத்தனாரே கட்டினார். நான் அடுப்போரம் வேலைக்காரி போல நின்றேன். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. காட்டில் ஒரு விறகுவெட்டி, அவன் மனைவி. வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டும். கதை சொல்கிறவன் அதைப் பனி என்றான், நாங்கள் பஞ்சு என்று முடிவு செய்தோம். அந்தப் பஞ்சில் புருஷன் வேலைக்குக் கிளம்புவான். அவள் ரொட்டியை ஒரு துணியில் வைத்து, இடது கையால் முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். அவன் போனதும் ஜமீன்தார் மாதிரி ஒருவன் வந்து அவள் கையைப் பிடிப்பான். அதே இடது கையால் விடுவாள் ஓர் அறை. சாயங்காலம் புருஷன் உயிரோடு திரும்பி வருவான்.

அவளை மாதிரி நடிக்க யாராலும் முடியாது. நெஞ்சைப் பிடிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. தினம் கட்டுகிறவள் எப்படிக் கட்டுவாளோ அப்படிக் கட்டினாள். பக்கத்தில் நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த நாட்களில் அதே படத்துக்கு என்னை அவரே இழுத்துப் போனார். எங்களோடு வந்த சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மட்டும், படத்தில் வருகிற எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டதுபோல் வலமிருந்து இடம் போகிறது என்று முணுமுணுத்தார். இங்கிலீஷ் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் அவரைச் சமாதானப்படுத்தினோம்.

ஒரு நாள் காலையில் நாத்தனார் களியுருண்டையை என் பக்கம் தள்ளினார்.

“நீயே கட்டு, மே. அவ கட்டிக் குடுத்தா, அவன் வரலியா இன்னா?”

இத்தனை வருஷம் நான் அழுது வாங்க முடியாததை ஒரு வெள்ளைக்காரி வாயே திறக்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். நான் இடது கையால் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். மூன்று வாரம் போல் தினமும் நான்தான் கட்டினேன். தினமும் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதும், தினமும் அவர் ஏறி வருவார்.

தகராறு ஆண்களால் வந்தது. அந்தப் பெண் வலது கைக்காரி என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். அவர் மட்டுமில்லை, பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். லைன் முழுக்கப் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி. கடைசியில் கதை சொல்கிறவனிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். அவனுக்கு இரண்டு பக்கத்து டிக்கெட்டும் வேண்டும். மகாராணிகளுக்கு இரண்டு கையும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னான்.

பிறகு ஒரு சாயங்காலம் பெருமழை. பெண்கள் பக்கம் கூடாரம் கிழிந்து தொங்கியது. அன்றைக்கு மட்டும் மானத்தை ஒத்திவைத்து, பெண்களையும் ஆண்கள் பக்கம் உட்கார வைத்தார்கள். விறகுவெட்டி படம் ஓடியது. அவள் ரொட்டியை எடுத்தாள். வலது கையால் கட்டினாள். வலது கையால் அறைந்தாள்.

துணிக்கு அந்தப் பக்கம் வலதாக இருப்பது இந்தப் பக்கம் இடதாகத் தெரியும் என்பது எங்களில் ஒருத்திக்கும் அதுவரை தோன்றவில்லை. டீச்சரம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியா, சோத்தாங்கை” என்றார். நான் இருட்டில் அழுதேன். மறுநாள் காலை எனக்கு என்ன ஆகும் என்பதுதான் என் மனசில் ஓடியது. நாத்தனார் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

காலையில் களியைக் கிண்டி இறக்கிவிட்டு, நானாகவே அடுப்போரம் ஒதுங்கினேன். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, “யக்கா, இன்னிக்கு நீயே கட்டு” என்றார்.

நாத்தனார் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மாமனுக்கு நான் சோத்தாங்கையாலதான் கட்டிக் குடுத்தேன், தம்பி. ஏறி வந்தாரா?”

அழுகை இல்லை, குரல்கூட உயரவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து சட்டைப் பொத்தானை மாட்டினார். நாத்தனார் துணியை எடுத்து என் மடியில் போட்டார். நான் கட்டினேன். வீட்டுக்காரர் என் இடது கையிலிருந்தே அதை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

சாயங்காலம் அவர் ஏறி வந்து குளிப்பதற்குள் நாத்தனார் தலைவாரித் தயாராக இருந்தார். நாங்கள் போனபோது கிழிந்த கூடாரத்தைத் தைத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும், வேண்டுமென்றால் இனி பெண்களும் முன்பக்கம் உட்காரலாம், பெஞ்சு உண்டு, தலை நனையாது என்று கம்பெனிக்காரன் சொன்னான். நாத்தனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு துணிக்குப் பின்னால் நடந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் எங்கள் தலையில் விழுந்தது. படத்தில் அவள் ரொட்டியை எடுத்து, இடது கையால் முடிச்சுப் போட்டாள்.