எதிர்க் கடையில் விசாரித்த கல்லூரி

கட்டடக்கலை படிக்க வெளிநாட்டில் ஒரே ஊரிலிருந்த இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். கடலூர் ஏஜென்ட் இரண்டையும் ஒரே மாதிரி புகழ்ந்ததிலேயே வாப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அவர் மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே இருந்த தையல் கடையில்தான் கேட்டார்.

பரங்கிப்பேட்டையிலிருந்து போய் அந்த ஊரில் டிரைவராக இருக்கும் என் மாமாவுக்கு போன் போட்டார்.

"மச்சான், உள்ள போவாத. உள்ள எல்லாரும் சிரிச்சிக்கிட்டேதான் பேசுவாங்க. எதிர்க் கடையில கேளு."

காலேஜா, சம்பந்தமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமா விசாரித்துச் சொன்னார். முதல் கல்லூரிக்கு எதிரே காபிக்கடை வைத்திருந்தவருக்கு அங்கே ஒரு கல்லூரி இருப்பதே தெரியவில்லை. இரண்டாவதன் எதிர்க் கடையிலோ, ராத்திரியெல்லாம் கட்டட மாதிரிகள் செய்து விரலெல்லாம் பசை ஒட்டிய பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே தூங்குகிறார்களாம்.

அந்த இரண்டாவது கல்லூரி வீடியோவில் நேர்காணல் வைத்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை நான் வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்த பேராசிரியை, நான் உட்கார்ந்திருந்த சமையலறையை அப்போதே, கேமரா முன்னாலேயே வரையச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

முடிந்ததும் வெடித்தேன். "அதெல்லாம் நாந்தான் வரைஞ்சேனான்னு சந்தேகப்படுறாங்க வாப்பா! இந்தக் காலேஜ் வேணாம்."

கதவோரம் நின்றிருந்த வாப்பா, இந்த விஷயத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"அவுங்களும் விசாரிக்கிறாங்களா? அப்ப நல்ல எடந்தான். சேந்துக்க."