கிரந்திப் பட்டியல்

"பிள்ளையின்ரை முகத்துக்கு என்ன?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலை விட்டு இறங்குவதற்குள் நாலு பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். சுகமா, படிப்பு எப்படிப் போகுது, ஒன்றும் கிடையாது. நேரே முகம். என்ன என்று தெரியவில்லையா, கண் இல்லையா? பருதான். இருபது வயதுப் பெண்ணுக்குக் கன்னத்திலும் நாடியிலும் வருகிற பரு. என் மகள் கைலேஞ்சியால் நாடியைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு நிற்பாள்.

கேட்டவர்கள் பதிலையும் தாங்களே கொண்டு வந்திருப்பார்கள். "நண்டு குடுக்கிறியளோ? உது கிரந்தியெல்லோ!"

சொறி, சிரங்கு, பரு, புண் என்று தோலில் எதையாவது கிளப்பிவிடும் சாப்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் கிரந்தி என்று பெயர். எது கிரந்தி, எது இல்லை என்பதற்கு ஒரு சட்டமும் கிடையாது. வாய் இருக்கிற எவரும் சொல்லலாம். பருவை விரலால் சுட்டிக் காட்டியே சொல்வார்கள். அந்த விரலை முறிக்க வேண்டும் போல எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. ஆனால் நான் செய்தது வேறு. வீட்டுக்கு வந்து பட்டியல் எழுதினேன்.

குருநகரில் எங்கள் வீடு. கணவருக்குச் சொந்தப் படகு. கடலில் பட்டது முதலில் எங்கள் சட்டிக்கு வந்துதான் மிச்சம் சந்தைக்குப் போகும். அந்த வீட்டில், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில், என் கையால் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய். மகளுக்குக் குடுக்கக் கூடாது.

என் கணவரின் அக்கா, என் மச்சாள், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தேத்தண்ணி குடிக்க வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "தக்காளியை விட்டிட்டியே? சூரை மீன்? முட்டை?" என்றார். எழுதினேன். கனடாவில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கச்சான் கடலையையும் மாம்பழத்தையும் சேர்த்தாள். எழுதினேன். கடைசியில் மச்சாள், "என்னத்துக்கு ஒவ்வொண்டா எழுதுவான், மீனையே நிப்பாட்டு" என்றார். அதையும் எழுதினேன், கோடு வேறு போட்டு.

கணவர் ஒருநாள் தாளின் முன் நின்று வாசித்தார். "அப்ப நான் பிடிச்சுக்கொண்டு வாறது ஆருக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு உது விளங்காது. பேசாமல் இருங்கோ" என்றேன்.

எனக்கு விளங்கியதாக நினைப்பு. எனக்கும் அந்த வயதில் பரு வந்தது. என் அம்மாவும் எனக்கு நண்டு, கணவாய் தரவில்லை. இருபத்துநாலு வயதில் அது தன்பாட்டில் விட்டுப் போனது. பார்த்தீர்களா, நண்டை விட்டதால்தான் முகம் வெளித்தது என்று வீடு முழுக்க ஒரே பெருமை. நானும் அதை நம்பினேன். இன்று நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது. அத்தனை வருடத்து நண்டுக் கறியை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

பட்டியலில் இருந்ததை எல்லாம் நிறுத்திய பிறகு அந்தப் பிள்ளை என்ன தின்றாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையில் பாணும் ஜாமும், நிறையச் சீனி போட்ட பால் தேத்தண்ணி. மத்தியானம் சோறும் உருளைக்கிழங்கும். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், அவள் படிக்கும் கம்பஸ் வாசலில் கிறீம் பணிஸ், சோடா. பின்னேரம் பிஸ்கற். இதில் ஒன்றாவது பட்டியலில் இருந்ததா? இல்லை. சீனி கிரந்தி என்று சொன்ன ஒரு கண்டறியாத வாயையும் நான் காணவில்லை. பருவோ குறையவில்லை, கூடியது. கூடக் கூட, "களவாத் தின்னுறாள் போல" என்றார் மச்சாள்.

ஒரு ஞாயிறு நல்ல மீன்பாடு. கூழ் காய்ச்சினோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாக் கூழுக்குள் நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பலாக்கொட்டை, பயத்தங்காய் எல்லாம் விழும். என் பட்டியல் முழுவதும் ஒரே பானைக்குள் கொதித்தது என்று வையுங்கள். கூழைத் தனித்தனியாக யாரும் குடிப்பதில்லை. பானையை நடுவில் வைத்துச் சுற்றியிருந்து, ஓலையில் கோலிய பிளாவில் வார்த்து, மூக்கு ஒழுக ஒழுகக் குடிப்பதுதான் வழக்கம். மச்சாள் வீட்டாரும் வந்திருந்தார்கள். என் மகள் மட்டும் ஹோலுக்குள் பாணும் ஜாமும் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "அம்மா, ஒரு வாய் தாங்கோவன்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்லை போய் முகத்தைப் பார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் போய்விட்டாள்.

அடுத்த மாதம் பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மயங்கி விழுந்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். உதடு வெளிறி, கடைவாய் வெடித்து, சீப்பை வைத்தால் கொத்தாக மயிர் வருகிறது. இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். நான் பருவை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இரத்தம் சோதித்தார்கள். நன்றாகக் குறைந்திருந்தது. தோல் வைத்தியரிடமும் காட்டினோம். சின்ன வயதுப் பெண். மகளின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று அவளிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "கிரந்திச் சாமான் ஒண்டும் குடுக்கிறேல்லை டொக்டர்" என்றேன், ஏதோ பரிசு வாங்க நிற்கிறவள் மாதிரி.

"நண்டு, இறால் தின்ற கையோடை இவவுக்கு உடம்பு தடிச்சிருக்கோ? கடிச்சுச் சொறிய வந்திருக்கோ?"

"ஒருநாளும் இல்லை."

"அப்ப ஏன் மறிச்சனீங்கள்? ஒத்துவராத ஆக்கள் தின்னக் கூடாதுதான். இவவுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே. இந்த வயசிலை பரு வாறது புதினம் இல்லை, அதுக்கு மருந்து இருக்கு. உந்தச் சீனியும் பாணும் பணிசும்தான் சிலருக்குப் பருவைக் கூட்டும், அதைக் குறையுங்கோ. மீன், முட்டை, இலைக்கறி, பழம் வடிவாக் குடுங்கோ. தோலும் சாப்பாட்டிலைதானே அம்மா வளருது."

வீட்டுக்கு வந்த கையோடு அந்தக் கோதாரிப் பட்டியலைக் கிழித்தேன். பசை பிடித்த மூலைகள் பிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. கத்தியால் சுரண்டினேன்.

இரும்புச் சத்துக் குளிசை, முகத்துக்குப் பூச மருந்து என்று ஒரு மாதம் போனது. கணவர் நல்ல நண்டாகப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்தார். மறுபடி கூழ் காய்ச்சினேன். இந்த முறை மகளை என் பக்கத்திலேயே இருத்தி, முதல் பிளாவை அவளுக்கு வார்த்தேன்.

மச்சாள் வாயைத் திறந்தார். "எடியே, உனக்கென்ன விசரோ? இப்பத்தானே முகம் கொஞ்சம் காயுது. உதைக் குடுத்துப் பழுதாக்காதை!"

அவ்வளவுதான். எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. "மச்சாள், உங்கடை கிரந்தியைக் கொண்டுபோய்க் கடலிலை கொட்டுங்கோ! என்ரை பிள்ளை றோட்டிலை விழுந்து கிடக்கேக்கை உங்கடை கிரந்தி வந்து தூக்கினதோ? இனி ஆராவது அவளின்ரை முகத்தைப் பற்றிக் கதைச்சால் இந்தப் பானையைத் தூக்கித் தலையிலை கவிழ்ப்பன்!"

பிளாக்கள் அப்படியே கையில் நின்றன. மச்சாள் குனிந்து பலாக்கொட்டை உரித்தார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"குடி பிள்ளை" என்றேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். உறைப்பில் கண் கலங்கியது. பிளாவை மற்றக் கைக்கு மாற்றி, மடியில் இருந்த போனை எடுத்தாள். கமராவைத் தன் பக்கம் திருப்பி, நாடியை நிமிர்த்தி ஒரு கன்னத்தைப் பார்த்தாள், பிறகு மற்றக் கன்னத்தைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை பார்க்கிறாய்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள் அம்மா" என்றாள். "முதல்லை முகத்தைப் பார்க்கச் சொல்லி."

கோபமாகச் சொல்லவில்லை. நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான். மச்சாளுக்கு ஏச என்னிடம் அத்தனை சொல் இருந்தது. இப்போது அகப்பையால் ஒரு நண்டுக்காலை எடுத்து அவளுடைய பிளாவில் போட்டேன். அடுத்த வாய்க்கு முன்னும் அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.