மஞ்சள் வெளுத்த எல்.டி.எல். புட்டி

1. வெள்ளிக்கிழமைக்குள்

"கமலாக்கா, வெள்ளிக்கிழம மீட்டிங்ல டாக்டர் என் டாப்பிக்க நிறுத்திடுவாராம்."

யாஸ்மின் இதைச் சொல்லிவிட்டு லேப் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வேலை நேரத்தில் அழுதால் எனக்குக் கோபம் வரும்.

"அழுதா செல் வளருமா? கண்ணத் தொடைச்சிட்டுப் பேசு லா."

நான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்தில் சீனியர் டெக்னாலஜிஸ்ட். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. யாஸ்மின் எங்கள் பிஎச்.டி. மாணவி. இங்கே மஸ்ஜித் இந்தியா தெருவில் அவளுடைய அத்தாவுக்குத் துணிக்கடை. நிறுத்தப்போவது அவளுடைய இரண்டு வருஷ உழைப்பை.

அவள் செய்துகொண்டிருந்தது இதுதான். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் துகளுக்கு எல்.டி.எல். என்று பெயர். அது ரத்தக்குழாய்ச் சுவருக்குள் மாட்டிக்கொண்டு ஆக்சிடைஸ் ஆனால், திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவது போலக் கெட்டுவிடும். கெட்ட துகள் பட்டதும் சுவரில் உள்ள செல்கள் குரோத் ஃபேக்டரை அதிகம் விடும். அது பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்லும். சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகும்.

இதை அளக்க, அந்தச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, சில தட்டுகளுக்கு நல்ல எல்.டி.எல்., சில தட்டுகளுக்குக் கெட்டது கொடுக்க வேண்டும். கெட்டது கொடுத்த தட்டில் குரோத் ஃபேக்டர் ஏற வேண்டும். அவளுக்கு இரண்டிலும் ஒரே அளவாக ஏறியது. நான்கு முறை செய்தும் அதேதான்.

"கை சுத்தமில்லாத பொண்ணு" என்று நானே இரண்டொரு பேரிடம் சொல்லியிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

2. ஜெல் சொன்னது

மறுநாள் குளிர் அறையிலிருந்து இரண்டு புட்டிகளையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல எல்.டி.எல். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். கெட்டால் வெளுத்துவிடும். 'நல்லது' என்று என் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய புட்டி வெளுத்துக் கிடந்தது.

இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து, ஜெல் பலகையில் மின்சாரம் விட்டு ஓட்டினேன். கெட்ட எல்.டி.எல். நல்லதைவிடத் தூரம் ஓடும். இரண்டும் ஒரே கோட்டில் போய் நின்றன.

எப்படி என்று யோசிக்க வேண்டியதே இல்லை. எல்.டி.எல்.லைக் காப்பாற்ற ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தைச் சேர்த்து வைப்போம். செம்பு உப்புப் போட்டுக் கெடுக்க வேண்டுமானால் முதலில் அந்த மருந்தைக் கழுவி எடுக்க வேண்டும். கெடுக்கப்போகும் பங்கை மட்டும் கழுவுவதுதான் முறை. தீபாவளி லீவுக்கு முதல் நாள், வீட்டில் முறுக்கு மாவு காத்திருக்கிறதே என்று, மொத்தத்தையும் ஒன்றாகக் கழுவி இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனேன். காவல் இல்லாத நல்ல பங்கு, யாஸ்மின் எடுக்கும் முன்பே மூன்று வாரம் குளிர் அறையில் இருந்து தானாகவே கெட்டுப் போயிருக்கிறது. பாவம் அந்தப் பெண், கெட்டதையும் கெட்டதையும் ஒப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

புதிதாக ஒரு புட்டி செய்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மீட்டிங்கில் கெட்ட பெயர் அவளுக்குத்தானே போகும்? வியாழக்கிழமை காலையிலேயே எங்கள் தலைவர் டாக்டர் சிவநேசன் அறைக்குப் போனேன்.

"டாக்டர், ரெண்டு புட்டியும் கெட்டதுதான். நல்லதக் கெடுத்தது நான். யாஸ்மின் மேல தப்பு இல்ல."

அவர் ஜெல் படத்தையே பார்த்தார். "நீங்களா கமலா?"

"நானேதான்."

"சரி. ஒரு மாசம் டைம். புதுசா செஞ்சு காட்டுங்க."

3. என் ரத்தம்

விஷயத்தைக் கேட்ட யாஸ்மின் இரண்டு புட்டிகளையும் எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு மெதுவாக, "புதுசா ரத்தம் வேணுமே, யாருகிட்ட கேக்குறது?" என்றாள்.

"என்கிட்ட கேளு. போன வாரந்தான் கிளினிக்ல, கொலஸ்ட்ரால் தூக்கலா இருக்குன்னு ஏசுனாங்க. எல்.டி.எல். அள்ள அள்ள வரும்."

"ஐயோ அக்கா!" என்று சிரித்துவிட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, பட்டினி கிடந்து, ரத்தம் கொடுத்தேன். இந்த முறை கழுவுவதை எல்லாம் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான்காவது வாரம் அளவு காட்டும் ரீடர் கருவியில் எண்கள் வந்தன. நல்ல எல்.டி.எல். தட்டில் குரோத் ஃபேக்டர் அப்படியே அடங்கிக் கிடந்தது. கெட்டதில் ஏறியிருந்தது. யாஸ்மின் கையுறையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். டாப்பிக் பிழைத்தது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிசல்ட் சரியில்லை என்றால், செய்தவர் கையைச் சந்தேகிக்கும் முன் ஒப்பிட வைத்த நல்ல புட்டியைச் சோதியுங்கள். அதுவும் நீங்களே செய்த புட்டி என்றால் இரண்டு முறை சோதியுங்கள்.

தீசிஸ் எழுதும்போது யாஸ்மின் கேட்டாள். "நன்றியில உங்க பேரப் போடுறேன்க்கா. எதுக்குன்னு எழுத? ரத்தம் குடுத்ததுக்கா?"

"தப்ப ஒத்துக்கிட்டதுக்குன்னு எழுது லா. ரத்தம் குடுக்குறது அத விட ஈசி."

அப்படியே எழுதிவிட்டாள்.